ஹேவ், ஹேஸ்

தரம் மூன்று, பி பிரிவு, வெள்ளவத்தை.
கால்வாய்ப் பக்கத்து யன்னலுக்குக் கம்பி உண்டு, கதவில்லை.
திங்கள் காலை வெண்கட்டியால் எழுதினேன்:
ஐ ஹேவ் எ கேட்.
முப்பத்தொரு வாய்கள் திருப்பிச் சொல்லின.
முப்பத்தொரு பூனைகள் வகுப்புக்குள் வந்து குந்தின,
ஒன்றுக்கும் மீன் இல்லை.

"மிஸ், ஹேவ் எண்டா என்ன?"
நுஸ்கி கேட்டான்.
வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை.
பயிற்சிக் கலாசாலையில் இதை ஒருவரும் கேட்டதில்லை.

எனக்கு ஒரு பூனை இருக்கு என்கிறோம்.
அந்த வசனத்தில் இருப்பது பூனை.
நான், அது வந்து படுக்கிற ஓரிடம்,
நாலாம் வேற்றுமை உருபு போட்ட பாய்.
இங்கிலீசில் நான் முன்னுக்கு நிற்கிறேன்,
பூனை என் கக்கத்துக்குள்.
பூனையைக் கேட்டால்
அது தமிழ்ப் பக்கம்தான் சாயும்.
இதையெல்லாம் எட்டு வயசுக்கு எப்படிச் சொல்ல?
"வச்சிருக்கிறது" என்றேன்.
"அப்ப காய்ச்சலையும் வச்சிருக்கிறதா, மிஸ்?"
ஐ ஹேவ் எ ஃபீவர்.
ஓம். அதையும்தான்.

செவ்வாய், ஹேஸ்.
த டோக் ஹேஸ் எ டெய்ல்.
த பாய் ஹேஸ் எ டோக்.
வாலும் நாயும் ஒரே சொல்லில் தொங்கின.
"வால் கழண்டு போகாது, நாய் போகும்"
என்றாள் கடைசி வாங்கில் ஹிமாயா, யாரையும் பார்க்காமல்.
போன மாதம் வந்து சேர்ந்தவள்.
ஆறாம் மாடி. நாய்க்கு இடமில்லை என்று
லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் மூன்று மொழியிலும் ஒட்டியிருக்காம்.
இங்கிலீசில் சொல்லிக் காட்டினாள்.
ஓர் உச்சரிப்பும் பிசகவில்லை.

புதன், மழை விட்ட கையோடு
கால்வாய்க் கரையில் கபரக்கொய்யா ஏறியது.
பாடம் அத்தோடு சரி. முப்பத்தொன்றும் யன்னலில்.
"மிஸ், அதுக்கு இங்கிலீசில என்ன பேர்?"
வோட்டர் மொனிட்டர் என்றேன், யோசிக்காமல்.
ஒரு கணம்.
பிறகு எல்லாத் தலைகளும் திரும்பின
வகுப்பு மொனிட்டர் யதுர்ஷன் பக்கம்.
த மொனிட்டர் ஹேஸ் எ லோங் டங்!
த மொனிட்டர் ஹேஸ் எ பிக் டெய்ல்!
இரண்டு நாளாய்த் தொண்டை வறளக் கத்தியும் வராத ஹேஸ்
இரண்டு நிமிசத்தில் எல்லாருக்கும் வந்தது.
அழுவதா சிரிப்பதா என்று தெரியாத யதுர்ஷன்
சத்தம் போட்டவர்களின் பெயரைக்
கரும்பலகையில் எழுதத் தொடங்கினான்.
என் பெயரையும்.

கபரக்கொய்யா ஒருதரம் நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டுப்
பிளாஸ்டிக் போத்தல்களுக்கு நடுவே இறங்கிப் போனது.
"இட் ஹேஸ் எ கெனால்" என்றான் நுஸ்கி, மெல்ல.
மாநகர சபை மறுக்கலாம்.
இலக்கணத்தில் மறுக்க வழியில்லை.

பின்னேரம், நூறாம் நம்பர் பஸ்ஸில் நின்றபடியே இரத்மலானை.
அறை வாடகைக்கு.
கட்டில் அவர்களுடையது. காற்றாடி அவர்களுடையது.
மீன் பொரிக்கக் கூடாது.
பல்லி யாருடையது என்று ஒப்பந்தத்தில் இல்லை.
அது சுவரில் இருக்க, நான் தரையில் இருந்து
கொப்பிகளைத் திருத்தினேன்.
வீட்டுவேலை: உன்னிடம் உள்ள ஒரு மிருகம், ஒரு வசனம்.
இருபது பூனை. நாலு கிளி.
ஒரு யானை, எழுத்துக்கூட்டல் சுத்தமாய்.
யதுர்ஷன்: ஐ ஹேவ் நோ மொனிட்டர்.

ஹிமாயாவின் கொப்பியில் ஒரு படமும் இருந்தது.
கேற்றடியில் வாச்சரின் கதிரை,
கதிரைக்குக் கீழே ஒரு காது மடிந்த நாய்.
மேலே மேலே எண்ணிக்கொண்டு போனால் ஆறாவது யன்னல்,
அதற்கு மட்டும் மஞ்சள் தீட்டியிருந்தாள்.
படத்தின் கீழ்:
த டோக் ஹேஸ் மீ

சிவப்புப் பேனையைப் பிடித்தபடி கனநேரம் இருந்தேன்.
எழுவாய் சரி.
பயனிலை சரி.
செயப்படுபொருள், ஆறாம் மாடியில், சரி.
முற்றுப்புள்ளி இல்லாததற்கு
அரைப்புள்ளி குறைத்தேன்.