இடப்பக்கம்

பேட்டரி எர்த்தை முதலில் கழற்றுங்க என்றேன்.
கழற்றியாச்சுங் என்றார் செங்கோட்டுவேல்,
வாயில் இரண்டு ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டு.

கணபதி. பங்குனி. பகல் பதினொன்று.
பக்கத்துப் பட்டறையில் கிரைண்டிங் வீல்
எதையோ ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று கத்துகிறது.
ஷெட்டு நிழலில்
அறுபத்தொன்பதாம் வருடத்து இரண்டு சீட் வண்டி.
வால்பாறை எஸ்டேட் துரை ஒருவர் விட்டுப் போனது,
ஏழு கை மாறி என்னிடம் வந்தது.
எட்டாவது கை.
அதிலும் இடக்கை.

என் வலது மணிக்கட்டு திரும்பாது.
லேத்து பெல்ட்டு ஒரு நொடி கூட்டிக்கொண்டு போனது.
போன கை திரும்பி வந்தது,
திரும்புவதை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு.
உள்ளே ஒரு தகடு, ஆறு ஸ்க்ரூ.

தோசைக் கரண்டிக்கும் குழாய்க்கும் பீரோவுக்கும்
இடக்கை பழகிவிட்டது.
இந்தச் சாவித்துளை மட்டும்
ஸ்டியரிங்குக்கு வலப்புறம், டாஷ்போர்டின் கடைக்கோடியில்.
காலையில் வளையத்துக்குள் இடக்கையை நுழைத்து
தாடை ஹாரனில் இடிக்கக் குனிவேன்,
சொந்த வண்டியைத் திருடுகிறவள் மாதிரி.
எதிர்வீட்டு நாய் இன்னும் என்னை நம்பவில்லை.

பழைய வண்டி ஊர்வலம் நடத்தும் லோகநாதன் போனில் வந்தார்.
ஒரிஜினல் டாஷ்ங்க, வால்நட் மரம்ங்க,
ஓட்டை போட்டா ரெண்டு லட்சம் போச்சுங்க.
என் கையே ஒரிஜினல் இல்லைங்க என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு கேட்டார்:
அங்க மழை உண்டுங்களா?

பங்குனியில்.

பலகையைக் கழற்றி முன்னால் இழுத்தோம்.
பின்னால், ஐம்பது வருடம் வெயில் படாத ஒயர்கள்.
பழுப்பு எப்போதும் உயிரோடு இருக்கும், தொடாதீங்க.
வெள்ளை, சாவி பாதி திரும்பினால்.
சிவப்புக் கோடு போட்ட வெள்ளை, முழுசாகத் திரும்பி
ஸ்டார்ட்டரை உதைப்பதற்கு.
மூன்றுக்கும் பேப்பர் டேப்பு சுற்றி
பால்பாயிண்ட் பேனாவால் எண் போட்டார்.
ஏழை அவர் போடும் விதம் ஒன்றைப் போலிருக்கும்;
நல்லவேளை, மூன்றுதான்.

அப்போதுதான் பார்த்தேன்.
பலகையின் முதுகில், இடப்பக்கம்,
பென்சிலில் ஒரு வட்டம்.
நடுவில் சின்னதாய்ப் பெருக்கல் குறி.
துளையில்லை.
அளந்து, வரைந்து, துளைக்காமல் விட்ட
ஏழில் ஒரு கை.

யாருங் என்றேன்.
ஸ்பீக்கர் வைக்கப் பார்த்திருப்பாங்க என்றார்.
ஸ்பீக்கருக்கு அந்த வட்டம் பத்தாது.
அவருக்கும் தெரியும்.
ஸ்கேலை எடுத்து அளந்தார்: முக்கால் இஞ்சு.
நாங்கள் முன்பக்கம் குறித்திருந்த புள்ளி
ஒரு விரற்கடை தள்ளி இருந்தது.
ஒன்றும் பேசாமல் அதை எச்சில் தொட்டு அழித்தார்.

பேட்டர்ன் கடை சிவன்மலை வட்டரம்பம் கொடுத்திருந்தார்,
திருப்பித் தரவேண்டும், மதியத்துக்குள்.
மெல்லிய மரத்தோல் சிலும்பாமல் இருக்க முன்னால் டேப்பு,
பின்னால் முட்டுக்கு ஒரு வேப்பங்கட்டை.
டிரில் இறங்கியது.
வால்நட் வாசனை ஒரு மூச்சு, பிறகு கருகல்,
பிறகு பிளைவுட்டின் பசை நாற்றம்.
ரெண்டு லட்சம்
ஒரு பட்டன் அளவுக்குக் கீழே விழுந்தது.
எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஒயர் ஒரு முழம் எட்டவில்லை.
நீட்டி, ஈயம் வைத்து, ஸ்லீவ் மாட்டி, தீக்குச்சி காட்டி,
டீ குடித்து, எர்த்தைப் பூட்டி,
திருப்புங்க என்றார்.

இடக்கை திருப்பியது.
முதலில் இருமியது. அப்புறம் ஷெட்டுத் தகரம் அதிர
பக்கத்துப் பட்டறையே கிரைண்டரை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தது.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.
வலக்கை நினைக்கவில்லை.
சிங்காநல்லூர் சிக்னலில் வண்டி நின்றுபோக,
பின்னால் டவுன் பஸ் அலற,
ஒரு காலத்தில் திருப்பத் தெரிந்த அந்த விரல்கள்
நேராகப் பழைய துளைக்குப் போய்த் தடவின.
உள்ளே ஒன்றுமில்லை. காற்று.

அதை அடைக்கட்டுங்களா, என்ன லைட்டு வைக்கட்டும் என்று
செங்கோட்டுவேல் இரண்டு முறை கேட்டுவிட்டார்.
பார்க்கலாம் என்றேன்.

சித்திரையில் நாலு நாள் வண்டி எடுக்கவில்லை.
ஐந்தாம் நாள் பார்த்தால்
குளவி ஒன்று ஈரமண் உருட்டி வந்து
துளையை வழவழவென்று பூசி முடித்திருந்தது.
நாய் குரைத்தது.
நான் இடப்பக்கம் திருப்பினேன்.