கடல் நாள்

ரொறன்ரோவிலிருந்து வந்த பெனடிக்ரா மச்சாள்
பன்னிரண்டு மாடிக் கப்பலில் போன கதையை
குசினி வாசலில் நின்று சொல்கிறாள்.

எந்தத் துறைமுகத்துக்கும் போகாமல்
ஒரு முழுநாள் ஓடுமாம் கப்பல்.
அதற்குப் பெயர் கடல் நாளாம்.
அன்றைக்கு ஒருவருக்கும் ஒரு வேலையும் இல்லையாம்.

செதிள் உரித்துக்கொண்டிருந்த எனக்குச்
சிரிப்பு வந்துவிட்டது.
எங்கள் வீட்டில் கடல் நாள் என்றால்
இரவு இரண்டு மணி அலாரம்,
மண்ணெண்ணெய்க் கான்,
பிளாஸ்க் நிறையப் பிளேன்ரீ.
கடல் இல்லாத நாள்தான் வேலை இல்லாத நாள்.
அன்றைக்குச் சோறுகூட யோசித்துத்தான் வேகும்.

"நாளைக்கு ஞாயிறுதானே,
பூசை முடிய ஏறுங்கோ ரெண்டு பேரும்.
வலையை இறக்கி வைக்கிறன்" என்றார்
என் மனுசன் யூஜின்.

ஒன்பது வருஷமாக
இந்த வள்ளத்துக்காக என் தாலிக்கொடி
வங்கிக்குப் போய்ப் போய் வந்திருக்கிறது.
எஞ்சின் தவணைப் புத்தகத்தில் இருப்பது என் கையெழுத்து.
ஏறியது மட்டும் இல்லை.
பெண் கால் பட்டால் மீன் படாது என்று
யாரோ எப்போதோ சொன்னதை
கடலும் மறுத்துச் சொல்லவில்லை.

செல்வபுரம் கரையில் சித்திரைக் கடல்
எண்ணெய் தடவினதுபோல் கிடந்தது.
பத்தொன்பது அடி வள்ளத்தில்
நீலப் பிளாஸ்ரிக் கதிரை ஒன்றையும் ஏற்றச் சொன்னாள் மச்சாள்.
தொப்பி, கறுப்புக் கண்ணாடி, வெயிலுக்குப் பூசும் கிறீம்.
சம்மாட்டி லூர்துராசா கரையில் நின்று கத்தினார்:
"கப்பித்தான், ரிக்கெற் என்ன விலை?"

பன்னிரண்டு பாகத் தண்ணீரில் எஞ்சினை நிறுத்தினார்.
அவ்வளவு சத்தம் போன பிறகுதான்
வள்ளத்தின் வயிற்றில் தண்ணீர் தட்டுவது கேட்டது.

கப்பலில் பதினேழு வகைக் கேக்காம்.
எங்களிடம் பாணும் கட்டச் சம்பலும்
பொரித்த பாரைத் துண்டும்
சூடேறிய கிறீம் சோடாவும்.
மச்சாள் கதிரையில் காலை நீட்டி,
"இதுவும் அதுவும் ஒண்டுதான்" என்றாள்.
பொய்தான். நல்ல பொய்.

யூஜினுக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை.
கயிற்றில் முடிச்சுப் போட்டார், அவிழ்த்தார்,
திரும்பவும் போட்டார்.
பிறகு கடையாரில் சாய்ந்து
வாயைத் திறந்தபடி நித்திரையானார்.
கடலில் அவர் தூங்கி
கடலே பார்த்திருக்காது.

"நீ இதுதான் முதல்தரமோ?"

இல்லை மச்சாள்.
எங்கள் கரையில் கப்பல் என்ற சொல்லுக்கு
ஒரு காலம் ஒரே பொருள்தான்:
காயப்பட்ட ஆள் ஒன்று, கூடப் போக ஒருவர்.
பதின்மூன்று வயதில் நான் கூடப் போனேன்.
அம்மா படுத்திருந்தா.
சேலைன் போத்தலைத் தூக்கிப் பிடித்த கையை
புல்மோட்டை வரைக்கும் நான் இறக்கவில்லை.
கடலைப் பார்க்கவுமில்லை.
அந்தக் கடல் எனக்கு ஒரு கை வலி.

மச்சாள் கண்ணாடியைக் கழற்றினாள்.
ஒன்றும் பேசாமல்
கிறீமைப் பிதுக்கி என் இடக்கையில் பூசினாள்,
முழங்கை தொட்டு விரல் வரைக்கும், மெதுவாக.
அது வலக்கை.
நான் சொல்லவில்லை.

கரை தெரிந்தது.
இவ்வளவு மெல்லிசா எங்கள் ஊர்?
பனை வரிசை, கோயில் சிலுவை, தொலைபேசிக் கோபுரம்,
எல்லாம் சேர்ந்து ஒரு நூல் தடிப்பு.
"எங்கட வீடு எது?" என்று எனக்கே கேட்டுக்கொண்டேன்.
கண்ணைத் திறக்காமலே சொன்னார் யூஜின்:
"கோபுரத்துக்கு இடப்பக்கம் ரெண்டு விரல் தள்ளிப் பார்.
கறுப்புத் தண்ணித் தாங்கி.
அதைப் பார்த்துத்தான் நான் திருப்புறது."

மூன்று மணிக்கு எஞ்சின் கயிற்றில் கை வைத்தார்.
"போவமோ?"
"எனக்கு இன்னும் கொஞ்சம் வேலை கிடக்கு" என்று
அணியத்தில் குந்தி
இரண்டு காலையும் தண்ணீருக்குள் விட்டேன்.

நாளைக்கு மீன் படாவிட்டால்
ஊர் இந்தக் காலைத்தான் சொல்லும்.
சொல்லட்டும்.