பதினோராவது புட்டி

ஏப்ரல் இரண்டாம் நாள்.
ஹீயுமா தீவில் பனி இப்போது
வேலி நிழலில் மட்டும் மிச்சம்,
அடிப்பிடித்த பாத்திரத்தில் கஞ்சி போல.

பிர்ச் மரத்தில் துளையிடுகிறேன்.
விரல் ஆழம், அதற்கு மேல் கூடாது.
லீலோ மரத்தில் காதை வைத்திருக்கிறாள்.
"அதுக்கு வலிக்குமா, மாமா?"
தெரியவில்லை என்றேன்.
ஆறு வயதுக்காரி
அந்தப் பதிலைச் சற்று நேரம் எடைபோட்டாள்.
பிறகு தன் கையுறையைக் கழற்றி
துளைக்கு மேலே மரத்தைத் தடவிக்கொடுத்தாள்,
ஊசி போட்ட இடத்தைத் தடவுவது போல.

முதல் சொட்டு வர
ஒரு முழு நிமிடம்.
டப்.
இன்னொன்று.
தகர வாளி பேசப் பழகுகிறது.

மதியத்துக்குள் கால் வாளி.
அக்கா மீலி கோப்பையில் மொண்டு நீட்டுகிறாள்.
வெறும் தண்ணீர்தான்.
ஆனால் சர்க்கரை என்று ஒன்று உண்டென
யாரோ ஒருமுறை அதனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"திராட்சை போடலாமா?" என்றாள்.
அவ்வளவுதான்.
இருவரும் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தோம்.
லீலோ எங்களை முறைத்தாள்,
பெரியவர்களுக்கு மட்டும் தெரிந்த சிரிப்பு
யாருக்குத்தான் பிடிக்கும்?

சொல்ல வேண்டியதாயிற்று.

எனக்கு எட்டு, மீலிக்குப் பத்து.
கரையெல்லாம் கம்பிவேலி, காவல் கோபுரம்.
கடலில் கால் நனைக்கவும் சீட்டு வேண்டிய காலம்.
அந்த வருடம் நிலவறையில் தண்ணீர் ஏறிவிட்டது.
அப்பா பதினோரு புட்டிகளில் மரநீரை ஊற்றி
ஆளுக்கு மூன்று திராட்சை போட்டு அடைத்து
(புட்டிகளை ஆட்கள் என்றுதான் சொல்வார்)
தன் கட்டிலுக்கடியில் வரிசையாய்ப் படுக்கவைத்தார்.

மே மாதம். நள்ளிரவு.
முதல் ஆள் வெடித்தான்.
"தரையில் படுங்க!" என்று அப்பா கத்த,
இரண்டாமவன், மூன்றாமவன்,
பிறகு எண்ண முடியவில்லை.
அம்மா தரையில்தான் கிடந்தாள்,
சிரிப்பில் எழ முடியாமல்.
மெத்தை நனைந்து, சுவர் நனைந்து,
வீடு முழுக்க ஈஸ்ட் வாசனை.

கதவைத் தட்டினான் ஒரு சிப்பாய்.
டார்ச், துப்பாக்கி, மீசை இன்னும் முடிவெடுக்காத முகம்.
ஈரத் துடைப்பத்தோடு நின்ற அம்மாவைப் பார்த்தான்.
மூக்கைச் சுருக்கி மோந்தான்.
கூரையைப் பார்த்தான்:
அங்கே ஒரு திராட்சை ஒட்டியிருந்தது.

தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்து
எங்கள் அடுப்படியில் உட்கார்ந்தான்.
உயிர் தப்பிய பதினோராமவனை
அப்பா ஈரத்துணி சுற்றித் திறந்தார்,
குழந்தையைத் தூக்குவது போல.
குடித்தான். கண்ணை மூடினான்.
அவன் மொழி எங்களுக்கு அரைகுறை.
விரல்களை விரித்துக் காட்டினான்:
பத்து. பிறகு நான்கு.
அவன் வீட்டில் பதினான்கு வெடித்ததாம்.

அப்புறம் அவனைப் பார்க்கவேயில்லை.
பெயர் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.
அதுமட்டும் அம்மாவுக்குக் கடைசிவரை குறை.

"அந்தத் திராட்சை?" என்றாள் லீலோ.

அப்பா அதைச் சுரண்டவில்லை.
மூன்று வருடத்துக்கு ஒருமுறை
அதன்மேலேயே வெள்ளையடித்தார்.
அவருக்குப் பின் நான் அடிக்கிறேன்.

வாளியை மறந்து உள்ளே போனோம்.
ஐவி அடுப்பில் அப்பம் திருப்பிக்கொண்டே
"கால் மிதியடி எதுக்குப் போட்டிருக்கேன்?" என்றாள்.
சேற்றுக் காலணியோடு
லீலோவைத் தோளில் ஏற்றினேன்.
ஜன்னலுக்கு வெளியே கொக்குகள்
தெற்கிலிருந்து சத்தமாய் வந்துகொண்டிருந்தன,
துருப்பிடித்த கீல்கள் வரிசையாய்ப் பறப்பது போல.

அவள் கூரையைத் துழாவினாள்.
"கிடைச்சுது. கல்லு மாதிரி இருக்கு."
இறக்கப் போனேன்.
"இரு, இரு."
அவள் முழங்கால் என் காதை அழுத்தியது.
விளக்குக் கம்பிக்குப் பின்னால்,
நாற்பது வருடமாய் நாங்கள் யாரும்
கைவைக்காத இடத்தில்,

"மாமா,
இங்கே இன்னொண்ணு இருக்கு."