எத்தனை பேர்

செவ்வாய் மாலை, பாசல்.
வங்கிக்கு மேல்மாடியில்
எட்டு நாற்காலி, ஒரு வெண்பலகை.
நோயெமி பொல்லாக் வலமிருந்து இடமாக எழுதுகிறார்:
எலோஹீம்.
‘ஈம்’ பன்மை விகுதி. வினையோ ஒருமை.
தமிழில் வைத்துப் பார்க்கிறேன்:
தெய்வங்கள் படைத்தான்.

டிராம் ஓட்டும் ரேத்தோ கை தூக்குகிறான்.
அப்படியென்றால் எத்தனை பேர்?

எனக்குச் சிரிப்பு வந்து
பாதியில் நின்றது.

பதினேழு வருடத்துக்கு முன்
இதே ஊர், ஜன்னலில்லாத அறை.
நான் சொன்னேன்:
அருளப்பு சுவாமி வந்தார்கள். கதவைத் தட்டினார்கள்.
எங்களை வள்ளத்தில் ஏற்றிவிட்டு
மற்றவர்களைக் கூட்டிவரத் திரும்பிப் போனார்கள்.
மொழிபெயர்த்தவருக்கு ரயிலைப் பிடிக்கிற அவசரம்.
அதிகாரி பேனாவை நிறுத்தினார்:
எத்தனை பேர்?
ஒருவர்.
முதலில் பலர் என்றீர்களே?
‘முரண்பாடு’ என்று கோப்பில் ஏறியது.
அந்த ஒரு ‘கள்’ளுக்காக
நாலு வருடம் காத்திருந்தேன்.

பொல்லாக் பலகையைத் துடைக்கவில்லை.
இதே சொல் வானவர்க்கும் வரும், என்கிறார்,
சில இடத்தில் தீர்ப்புச் சொல்பவர்க்கும் என்பார்கள்;
ஓரிடத்தில்
மண்ணுக்குள்ளிருந்து எழுந்து வருகிற
இறந்தவருக்கும்.

அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறேன்,
கோணலாக, மை இழுபட.
சுவாமியின் அங்கி வெள்ளை.
முழங்கால்வரை கடல் நனைத்திருந்தது.
எந்த மண் என்று
இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

ரேத்தோ விடுவதாயில்லை.
ஒருவர்தான், என்றேன் அவனிடம்.
பிறகு தமிழில், எனக்கு மட்டும்:
ஒருவர் வந்தார்கள்.