பதினான்கு கட்டங்கள்

பேசல் அருங்காட்சியகத்தில் மூன்றாவது அறை எனக்கு.
ஒட்டிலி பிரோட்பெக்கின் ஐம்பது வருட வேலைக்கு
பத்து மணியிலிருந்து ஆறு மணிவரை நான் காவல்.
தொட வேண்டாம், என்பேன். பிளாஷ் வேண்டாம், என்பேன்.
மற்ற நேரம் சுவரை வாசிப்பேன்.

லீஸ்டாலில் பிறந்தவள். அப்பா ரயில்வே சிக்னல்காரர்.
அச்சகத்தில் கணக்கெழுதச் சேர்ந்து
மூன்றாம் மாதம் கணக்குத்தாளையே மாற்றி வரைந்தாள்.
முதலாளி திட்டினார்.
பிறகு அந்தத் தாளில்தான்
எட்டு வருட நட்டம் எங்கே ஒளிந்திருந்தது என்று கண்டார்.

காய்ச்சல் மாத்திரைப் பெட்டியில் முன்பு
ஒரு தேவதை, இரண்டு ரோஜா, நான்கு பதக்கம்.
தேவதையை அனுப்பிவிட்டாள். ரோஜாக்களும் போயின.
வெள்ளைப் பெட்டி. நாளைக்கு மூன்று என்பதற்கு
மூன்று சிவப்புப் புள்ளி.
கிழவர்கள் மூக்குக்கண்ணாடி தேடாமல் விழுங்கினார்கள்.
பிறகு பால் உறை, டிராம் சீட்டு,
ரைன் ஆற்றில் நீந்துவோருக்கு எச்சரிக்கைப் பலகை,
டோக்கியோவில் பரிசு,
ஒரே கறுப்புச் சட்டையில் நாற்பது புகைப்படம்.
மாணவரிடம் ஒரே கேள்விதானாம்:
இன்னும் எதை எடுத்தால் இது விழாது?

எதிர்ச் சுவரில், தனி விளக்கின் கீழ்,
இலக்கம் நூற்றுப்பதினேழு.
தஞ்சம் கோருவோர் படிவம், 1979. ஒற்றைத் தாள்.
தெளிவின் உச்சம், என்கிறது குறிப்பு.

அந்தத் தாளை எனக்குத் தெரியும்.
எண்பத்தைந்து நவம்பரில், ஈரச் சப்பாத்தோடு,
அதிகாரியின் பேனாவை இரவல் வாங்கி நிரப்பியிருக்கிறேன்.
பெயருக்குப் பதினான்கு கட்டம்,
கட்டத்துக்கு ஓர் எழுத்து.
பரஞ்சோதிநாதன் தமிழில் எட்டே எழுத்து,
கால் நீட்டி உட்கார்ந்திருப்பான்.
அவர்களுடைய எழுத்தில் பதினேழு.
நாதனில் பாதி வெளியே நின்றது.
பரவாயில்லை, என்றார் அதிகாரி.
அன்றிலிருந்து பரஞ்சோதினாட்.
வங்கியில் நாட். பல் வைத்தியரிடம் நாட்.
என் மகளுக்கு, அவள் பிறக்கும் முன்பே
வெட்டி வைத்த பெயர்.

ஒரு செவ்வாய், ஆளில்லாத மதியம்,
சக்கர நாற்காலியில் அவளே வந்தாள். எண்பத்தெட்டு வயது.
தள்ளி வந்த மருமகன் கோப்பி தேடிப் போனான்.
ஒவ்வொன்றாய்ப் பார்த்து முகம் சுளித்தபடி
நூற்றுப்பதினேழுக்கு வந்தாள்.
இது சரி, என்றாள்.
சரியில்லை, பிராவ் பிரோட்பெக், என்றேன்.

முப்பத்துநான்கு வருடம் ஒத்திகை பார்த்த கோபம்
இரண்டு வாக்கியத்தில் தீர்ந்துபோனது.
என் பெயரைத் திரும்பச் சொல்லச் சொல்லி
விரல்விட்டு எண்ணினாள்.
தொலைபேசிப் புத்தகத்தில் ஆயிரம் பெயர் எண்ணினேன்,
நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது
பதின்மூன்றுக்குள் அடங்கியது,
ஒரு கட்டம் கூட்டியே வைத்தேன், என்றாள்.
எந்த ஊர்ப் புத்தகம்?
லீஸ்டால்.
சொன்ன பிறகுதான்
அது அவளுக்கும் கேட்டது போலிருந்தது.

மன்னிப்புக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ.
கைப்பையைத் துழாவிப் பென்சில் எடுத்தாள்.
சட்டத்துக்கு வெளியே, வெள்ளைச் சுவரில்,
கை நடுங்க, வரிசை மட்டும் பிசகாமல்,
ஒன்று.
இரண்டு.
மூன்று.
தொட வேண்டாம் என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.
நான் தீயணைப்புக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மேல்மாடியில் கூட்டம்:
அழிப்பதா, காப்பீடு செய்வதா.
முடிவு வரும்வரை
சம்பவப் படிவம் ஒன்றை நிரப்பச் சொன்னார்கள்.
சேதத்தின் வகை: பென்சில்.
அளவு: மூன்று கட்டம், தலா ஐந்து மில்லிமீட்டர்.
காவலர் பெயருக்குக் கட்டமே இல்லை,
தாளின் ஓரம்வரை நீண்ட கோடு.
எழுதிக்கொண்டே போனேன்.
நாட் வந்ததும் கை
தானாக நின்றுவிட்டது.