இன்னும் பன்னிரண்டு பக்கம்

அம்மணி,
உங்கள் நாவலை நான் படித்தது
அப்படியொன்றும் நல்ல இடத்தில் இல்லை.
துசிஸ் ஸ்டேஷனுக்கு எதிர் ஹோட்டலில்
கோப்பை கழுவும் மெஷின் ஒரு சுற்று ஓட
மூன்று நிமிடம்.
அதற்குள் ஒன்றரைப் பக்கம்.
நனையாமல் இருக்க
இறைச்சி சுற்றும் பிளாஸ்டிக் தாளை
அட்டைக்குச் சுற்றியிருந்தேன்.
"என்ன, பைபிளா?" என்றான் சமையல்காரன் ரெட்டோ.
"இல்லை, நீச்சல்" என்றேன்.

முதல் நூறு பக்கமும் உங்களோடு சண்டை.
மீன் ஏலத்தில் கணக்கெழுதும் எமில்டா
ஐம்பது வயதில் நீந்தப் பழகி
எதிரே தெரியும் தீவுக்குப் போகப்போகிறாளாம்.
போகட்டும்.
அவளுக்கு இன்சூரன்ஸ் பில் வருவதில்லை.
வாடகையைக் கூட்டிவிட்டோம் என்று
யாரும் அவளுக்குப் பதிவுத் தபால் அனுப்புவதில்லை.
"காசைப்பற்றி ஒரு வரி எழுதுங்கோவன்"
ஓரத்தில் பென்சிலால் கிறுக்கினேன்.

பிறகு நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
நீச்சலுடையை வாங்கிவந்து
அரிசி டின்னுக்குள் புதைக்கிறாள்.
புருஷன் சிரிப்பான் என்றல்ல.
சிரிக்கமாட்டான்,
"நல்லது, செய்" என்று சொல்லிவிடுவான்,
அப்புறம் செய்யவேண்டி வரும்.
அந்தப் பயம்.

மெஷின் நின்று சிவப்பு விளக்கு சிமிட்டியது.
நான் கதவைத் திறக்கவில்லை.

உங்களுக்கு இதை யார் சொன்னது?
குளிர்கால டயர் ரசீதுகளுக்கு அடியில்
இரண்டு வருடமாய்க் கிடக்கிறது என் விண்ணப்பம்,
மஞ்சள் போஸ்ட் பஸ் ஓட்டப் பழக.
மத்தியானம் அந்த பஸ் ஸ்ப்ளூகன் பக்கம் ஏறும்.
எங்கோ ஒரு வளைவில்
மூன்று சுரத்தில் ஹாரன் அடிக்கும்.
ஈரத் தரையில் நிற்கிற என் வலது கால்
தானாக ஒரு அங்குலம் அழுந்தும்.
நாற்பத்தேழு வயது. யாரிடம் சொல்ல?

"உன்னால் முடியும்" என்று
நாவலில் ஓரிடத்திலும் நீங்கள் எழுதவில்லை. நன்றி.
ஸ்டாஃப் ரூம் காலண்டரில் அது மாதாமாதம் வருகிறது,
பன்னிரண்டு மாதமும் நான் கோப்பைதான் கழுவினேன்.

ஞாயிற்றுக்கிழமை வதனியிடம் சொன்னேன்.
கட்லட்டைத் திருப்பிப் போட்டபடி
"ஓம், செய்யுங்கோ" என்றாள்.
பயந்தது நடந்துவிட்டது.

கூரில் எழுத்துச் சோதனை.
யார் முதலில் போவது, யார் நிற்பது,
இதில் மட்டும் எத்தனை கேள்வி!
கொஞ்சப் புள்ளியில் போய்விட்டது.
அன்றிரவு வாசித்தது எமில்டா பாதியில் திரும்பும் அத்தியாயம்.
நிலா இல்லை, அலை பேசவில்லை.
"கால் இழுத்தது. திரும்பினாள். தேநீர் போட்டாள்."
மூன்று வாக்கியம்.
புத்தகத்தின் விலை முழுவதையும்
நான் அந்த மூன்றுக்குத்தான் கொடுத்திருக்கிறேன்.

நானும் தேநீர் போட்டேன்.
அடுத்த முறை தேறினேன்.

போன வாரம் மலைப்பாதையில் முதல் பயிற்சி.
முதல் வளைவில் ஹாரனில் கை வைத்து
அடிக்காமல் எடுத்துவிட்டேன்.
ஒரு மலை முழுக்கக் கேட்கிற சத்தம்
என் பெயரில் போகலாமா?
பக்கத்தில் பயிற்சியாளர் ஃப்ளுரினா எதுவும் சொல்லவில்லை.
இரண்டாம் வளைவில் அடித்தேன்.
பாறையில் பட்டுத் திரும்பி வந்தது,
யாரோ எனக்குப் பதில் சொன்னமாதிரி.
அவர் நோட்டில் ஏதோ எழுதினார்.
நான் பார்க்கவில்லை, பாதையைத்தான் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை கடைசிச் சோதனை.
உங்கள் நாவலில் இன்னும் பன்னிரண்டு பக்கம்.
அடையாளத்துக்கு வைத்திருப்பது
கூரிலிருந்து வந்த தோல்விக் கடிதம்.
எமில்டா நடுக்கடலில் இருக்கிறாள்.
நீங்கள் கரையேற்றியிருப்பீர்கள்,
ஊரே கைதட்டியிருக்கும்,
பின்னட்டைப் படத்திலேயே தெரிகிறது.
ஆனால் செவ்வாய் வரை திறக்கமாட்டேன்.
அவள் தண்ணீரிலேயே கிடக்கட்டும்,
நானும் அங்கேதான்.

கொஞ்சம் குளிரும் அவளுக்கு.
என்னை மன்னிக்கச் சொல்லுங்கள்.