பம்பை நிறுத்திய இரவு

செவ்வாய் மதியமே ஆட்காட்டிகள் போய்விட்டன.
யாரும் விரட்டவில்லை.
மண் இறுகி அலகு நுழையவில்லை, அவ்வளவுதான்.
ஒரு சாண் ஆழத்தில் மண்புழுக்கள்
பூட்டிய வீட்டுச் சாமான்போல் கிடந்தன.
தெற்கே அல்ல, மேற்கே,
கடல் தாண்டி, புல் இன்னும் ஈரமாயிருக்கும் தீவுகளுக்கு,
கலைந்த வரிசையில்,
சிறகு திரும்பத் திரும்பக் கறுப்பும் வெள்ளையுமாய்.
மாட்டுக்குத் தீவனம் அள்ளிய வைட்ஸே
அண்ணாந்து பார்த்துச் சொன்னான்:
"அப்படியானால் உறையும்."
குரலில் சந்தோஷம்.

எனக்கும்தான். ஒளிப்பானேன்?
பன்னிரண்டு வருஷமாய்ப் பரணில் தொங்குகின்றன
என் சறுக்குக் கத்திகள்.

ஃப்ரீஸ்லாந்தில் எங்கள் வயல் கடல்மட்டத்துக்குக் கீழே.
இறைத்துக்கொண்டே இருந்தால்தான் ஊர்.
அந்தப் பம்புக்கு நான் காவல்.
அது ஓடும்வரை வாய்க்கால் நகரும்,
நகரும் நீர் உறைய முரண்டு பிடிக்கும்.
ஆகவே கடுங்குளிரில் அலுவலகத்திலிருந்து அழைப்பு:
"ரின்ஸ்கா, இன்றிரவு நிறுத்திவிடு.
ஜனங்கள் சறுக்கட்டும்."

போகாதவை எல்லாம் என் மதகடியில் இருந்தன.
நாமக்கோழிகள் நூற்றுச்சொச்சம்.
சீழ்க்கையடிக்கும் நாமத்தலை வாத்துகள்.
கடன் கேட்க வந்தவனைப்போல்
ஒற்றைக்காலில் ஒரு சாம்பல் நாரை.
பம்பு துப்பும் நீர் திறந்துவைத்த
மாட்டுக்கொட்டகை அளவு கறுப்பில் அத்தனையும்.

மைனஸ் பதினொன்று.
பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரிந்தது.
இரைச்சல் நின்றதும் என் காதில் ஒரு பள்ளம்.
அதில் வாத்துகளின் பேச்சு விழுந்தது.

டார்ச் அடித்தேன்.
நாமக்கோழிகள் நீந்தத் தொடங்கியிருந்தன
வட்டமாய், ஒன்றன்பின் ஒன்றாய்,
பம்பின் வேலையைக் காலால் செய்துகொண்டு.
ஓரத்தில் மெல்லிய பனிக்கட்டி
முறிந்து, சேர்ந்து, முறிந்து.
இரண்டு மணிக்கு அந்தக் கறுப்பு ஒரு மேசை அளவு.
நான்கு மணிக்கு வாத்துகள் எழுந்தன.
எண்ண முடியவில்லை,
சீழ்க்கை மட்டும் மேற்கே போனது.
நாரை போகவில்லை.
பொத்தான் என் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

சனிக்கிழமை ஊரே வாய்க்காலில்.
கத்திகளை வைட்ஸே தீட்டித் தந்தான்.
சறுக்கினேன். சிரித்துக்கொண்டுதான் சறுக்கினேன்.
நாமக்கோழிகள் கரையேறி
உறைந்த புல்லை இழுத்துக்கொண்டிருந்தன.
நாரை நின்ற இடத்தை நான் பார்க்கவில்லை.

எங்கும் கண்ணாடி.
மதகடியில் மட்டும் வட்டமாய் ஒரு சொரசொரப்பு.
கத்தி அதில் ஏற, கால் அதிர்ந்தது.
பின்னால் வந்த பையன் ஒருவன் விழுந்து எழுந்து
என்னிடம் புகார் சொன்னான்:
"இங்கே மட்டும் பனி சரியில்லை."